கண்ணாடித் தொட்டிக்குள் ஓர் உண்ணாவிரதம்

செவ்வாய்க்கிழமை காலை கடல்மீன் தொட்டி வெளுத்துக் கிடந்தது. முந்தின நாள்வரை பளிங்காக இருந்த தண்ணீரில் யாரோ ஒரு படிப் பாலை ஊற்றிவிட்டுப் போன மாதிரி. பவளங்கள் சுருங்கியிருந்தன. மீன்கள் இருக்கின்றனவா என்பதே தெரியவில்லை.

"சதி!" என்றார் தலைவர்.

முப்பது வருடம் ஆலைத் தொழிற்சங்கத்தின் தலைவர். ஓய்வுபெற்ற நாளில் தோழர்கள் வாங்கித் தந்த தொட்டி அது. அந்த முப்பது வருடமும் பேச்சுவார்த்தை மேசையின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்த நிர்வாக அதிகாரி வேறு யாருமில்லை, அவர் மனைவியின் அண்ணன்தான்.

"ஆலையை நிறுத்தத் தெரிஞ்ச ஆளுக்கு ஒரு மீன் பெட்டியை ஓட்டத் தெரியுமா மாப்பிள்ளை?" என்று மச்சான் சிரித்திருந்தார். பேச்சு வளர்ந்து பந்தயமாயிற்று. ஞாயிற்றுக்கிழமை மச்சான் வருவார். தண்ணீர் கலங்கியிருந்தால் தொட்டி அவர் வீட்டுக்குப் போகும். மீனோடு, மானத்தோடு.

தலைவரின் மனைவி, அம்மையார், குடிநீர் நிலையத்துப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவர். தொட்டித் தண்ணீரைச் சிறு குழாயில் பிடித்து மருந்துச் சொட்டு விட்டார். மஞ்சளாக நிற்க வேண்டியது பச்சையாயிற்று.

"அம்மோனியா ஏறியிருக்குங்க. தீனி அழுகுது. எவ்வளவு போடுறீங்க?"

"ஒரு சிட்டிகை."

"ஒரு மாசத்து டப்பா ஒன்பது நாள்ல காலியாயிருக்கே, அது யாரோட சிட்டிகை?"

தொட்டியில் ஒரு மஞ்சள் மீன் இருந்தது. கொழுத்த முதலாளி. போடுவதையெல்லாம் அதுவே விழுங்கிற்று. கல் இடுக்கில் ஒரு சின்ன மீன், வெளியே வரவே பயப்படும். கடைசி உறுப்பினருக்கும் பங்கு போய்ச் சேராமல் தலைவர் எந்தக் கூட்டத்தையும் கலைத்ததில்லை. அந்தச் சின்னது வாய் திறக்கும்வரை கொட்டிக்கொண்டே இருந்தார்.

"அது கல்லுல ஒட்டியிருக்கிறதை மேஞ்சிக்கிட்டு நல்லாத்தாங்க இருக்கு. மூணு நாள் தீனியை நிறுத்துங்க."

"பசிச்ச வயித்துல அடிக்கச் சொல்றியா? என்னையா? கோளாறு இயந்திரத்துல இருக்கும்மா!"

வடிகட்டிப் பஞ்சைக் கழற்றிக் குழாயடியில் பிழிந்து பிழிந்து அலசினார். அழுக்கோடு, அழுக்கைத் தின்று தண்ணீரைக் காத்த நுண்ணுயிர்களும் சாக்கடையில் போயின. புதன்கிழமை, பால் தயிராயிற்று.

அம்மையார் சற்று நேரம் தொட்டியையும் கணவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குரலை மாற்றினார்.

"நீங்க சொன்னதுதாங்க சரி. தீனியை நிறுத்தவே கூடாது. நாலு வேளை போடுங்க. அண்ணன்கூட அதேதான் சொன்னாரு."

"யாரு? உங்கண்ணனா?"

"ஆமா. 'வயிறு நிறைஞ்சா எதுவும் வாலாட்டாது, போட்டு அமுக்கு'ன்னாரு."

தலைவரின் மீசை நிமிர்ந்தது. ஒவ்வொரு பேச்சுவார்த்தைக்கும் முன்பு மச்சான் நீட்டிய பிஸ்கட் தட்டுகள் வரிசையாக நினைவுக்கு வந்தன.

"கேட்டியா! இதே தந்திரம்! தின்னக் கொடுத்தே வாயை அடைச்ச கூட்டம்! இந்த நிமிஷத்திலிருந்து தொட்டியில் உண்ணாவிரதம்!"

"ஐயோ, வாயில்லாத ஜீவனுங்க..."

"காலவரையற்ற உண்ணாவிரதம்!"

"நான் ஒத்துக்கவே மாட்டேன்!"

"உன் சம்மதத்தை யார் கேட்டா?"

கோரிக்கை அட்டை ஒன்றை எழுதித் தொட்டியிலேயே ஒட்டினார். பக்கத்தில் நாற்காலி போட்டுக் காவல் இருந்தார். காலையில் பேப்பர் படிக்க நூலகம் போகும் ஒரு மணி நேரம் மட்டும் காவல் இல்லை. அந்த ஒரு மணி நேரத்தில் அம்மையார் அடியில் கிடந்த அழுகலைக் குழாய் வைத்து உறிஞ்சினார். நாலு வாளி பழைய தண்ணீர் வெளியே, முதல் நாளே உப்புக் கலந்து வைத்த நாலு வாளி உள்ளே. திரும்பி வந்த தலைவர் ஒவ்வொரு நாளும் தொடையைத் தட்டினார்.

"பார்த்தியா? பாதி தெளிஞ்சிருக்கு! இதுதான் போராட்டம்!"

"ஏதோ உங்க ராசிங்க."

ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் இருப்பதே தெரியவில்லை. பவளங்கள் பூத்து விரிந்திருந்தன. சின்ன மீன் நடுத்தொட்டியில் ஊர்வலம் போயிற்று. மச்சான் மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"தோத்துட்டேன் மாப்பிள்ளை."

முப்பது வருடத்தில் அந்த வாயிலிருந்து வராத சொல்! தலைவர் நாற்காலி மேல் ஏறாத குறைதான்.

"போட்டு அமுக்குன்னு சொன்னீங்களாமே! அமுங்கலை மச்சான்! நாலே நாள் உண்ணாவிரதம், வெற்றி!"

"நானா? நான் எங்கே சொன்னேன்? தங்கச்சிகிட்ட பேசியே ஒரு மாசம் ஆச்சே!"

அம்மையார் மும்முரமாகக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

தலைவருக்கு எல்லாம் மெல்ல மெல்லத் தெளிந்தது.

"அப்ப எல்லாம் நாடகமா? தலைமையையே ஏமாத்தியாச்சா? இனி இந்தத் தொட்டிக்கு என் கையால ஒரு சிட்டிகை தீனி கிடையாது! பொறுப்பை ராஜினாமா பண்றேன்!"

சொல்லிவிட்டு, யாராவது கையைப் பிடித்துக் கெஞ்சுவார்கள் என்று வாசல்வரை மெதுவாக நடந்தார்.

"சரிங்க," என்று அம்மையார் தீனி டப்பாவை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

தலைவர் தன் வாழ்நாளில் பதினேழு முறை ராஜினாமா செய்தவர். ஏற்றுக்கொள்ளப்பட்டது இதுதான் முதல் தடவை.