பட்டியலின் முதல் பெயர்

பட்டியல் தலைவர் என்றொரு இனம் உண்டு. உங்களுக்கும் தெரியாமல் இருக்காது. எங்கள் துனீசியாவில் புரட்சி வெடித்து, அதிபர் விமானம் ஏறிப் போய், அரசியல் சாசனம் எழுதும் சபைக்குத் தேர்தல் என்று அறிவித்தார்களே, அன்றைக்கு இந்த இனம் ஈசல் போலப் புறப்பட்டது. இங்கே வாக்கு ஆளுக்கு அல்ல, பட்டியலுக்கு. அதில் ஆண், பெண் என்று மாறி மாறிப் பெயர் வர வேண்டும். ஓர் இடம் கிடைத்தால் அது முதல் பெயருக்குத்தான்.

எப்படி அடையாளம் காண்பது? கல்யாணத்தன்று போட்ட கோட்டு சூட்டைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு சுவரொட்டிக்குப் படம் பிடித்திருப்பார். பள்ளிக்கூடச் சுவரில் தன் பட்டியலின் சுவரொட்டிக்கு ஒதுக்கிய கட்டத்தின் எதிரே, ஏதோ வேறு வேலையாகப் போகிறவர் மாதிரி, தினம் நான்கு முறை நடப்பார். சாசனத்தின் முதல் ஷரத்தைச் சிகரெட் அட்டையில் எழுதிக் காட்டுவார். "நான் பதவிக்கு ஆசைப்படுறவன் இல்ல" என்பார். யார் கேட்டது?

எங்கள் ஊருக்கு ஒரே கோரிக்கைதான். அணை எங்கள் மலையில். தண்ணீர் போவதோ கடற்கரை ஊர்களுக்கு. குடிதண்ணீர் எல்லோருக்கும் உரிமை என்று சாசனத்தில் ஒரு வரி ஏற வேண்டும், அதைச் சொல்லச் சபையில் ஓர் ஆள் வேண்டும். வயிற்றுப்போக்கோடு வரும் குழந்தைகளைத் தினம் பார்த்து நொந்துபோன நர்ஸ் ஸல்ஹா, ஊரின் ஒன்பது பட்டியல் தலைவர்களையும் காப்பிக் கடைக்கு வரவழைத்தார்.

"ஒன்பது பட்டியல் எதுக்குண்ணே? ஒண்ணா நின்னா ஓர் இடம் நிச்சயம்."

ஒன்பது பேரும் ஒருமனதாக ஒப்புக்கொண்டோம்.

"அப்ப மொதப் பேரு யாரு?" என்று கேட்டார் ஸல்ஹா.

"எனக்கு ஆசையில்லம்மா. ஜனங்க விட மாட்டேங்கறாங்க" என்றார் டிரைவிங் ஸ்கூல் லஸ்ஹர்.

"நீ மூணாவதா நில்லேன்பா" என்றார் மருந்துக்கடை முன்ஸிஃப்.

"அத உங்க மச்சானுக்குக் குடுங்க."

மூன்று மணி நேரம் ஓடியது. "சரி, என்னை ரெண்டாவதாப் போட்டுக்கங்க, சண்டைய விடுங்க" என்றார் ஸல்ஹா. இதற்கு மட்டும் ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை. மறுநாள் தேர்தல் அலுவலகத்துக்கு ஒன்பது பட்டியல்கள் போய்ச் சேர்ந்தன. ஒன்பதிலும் இரண்டாவது பெயர் ஸல்ஹா. ஒருவர் ஒரு பட்டியலில்தான் நிற்கலாம் என்று அதிகாரி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அப்ப நானே ஒரு பட்டியல் போடுறேன்" என்றார் ஸல்ஹா.

லஸ்ஹர் குறுக்கே வந்து நின்றார். "ஏம்மா, ஊரை ரெண்டாக்கப் பாக்கறியா?"

ஏற்கெனவே ஒன்பதாகக் கிடந்த ஊர். ஆனால் ஸல்ஹாவின் பட்டியலுக்கும் ஆண்கள் வேண்டுமே! இரண்டாவது இடத்தில் நிற்க எங்கள் ஊரில் ஓர் ஆண்பிள்ளை கிடைக்கவில்லை.

கடைசியில் இரண்டாவது பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு ஒன்பது பட்டியல்களும் தேர்தலில் நின்றன; எல்லாவற்றுக்கும் சேர்த்து நாலாயிரத்துச் சொச்சம் வாக்கு. மாகாணத்தின் கடைசி இடத்தை, கடற்கரையில் வீடு கட்டிக் குடியிருக்கும் ஒருவர் ஆயிரத்து எண்ணூறு வாக்கில் தட்டிக்கொண்டு போனார். ஸல்ஹா எங்களைத் திட்டவில்லை. "ஆஸ்பத்திரி வார்டுல தண்ணி இல்லண்ணே. ஆளுக்கு ரெண்டு கேன் கொண்டாங்க" என்றார். வெட்கத்தோடு தூக்கிக்கொண்டு போனோம். ஆஸ்பத்திரி வாசலில் யார் முதலில் நுழைவது என்று தகராறு வந்தது.

சிரிக்கிறீர்கள். 'நான் அங்கே இருந்திருந்தால் இந்த ஒன்பது பேரையும் ஒன்று சேர்த்திருப்பேன்' என்று உங்களுக்குத் தோன்றுகிறது, இல்லையா? சேர்த்திருப்பீர்கள். எத்தனையாவது இடத்தில் நின்றுகொண்டு?