ரிமோட் டீச்சரும் ஊமை சீரியலும்

சினிமா பைத்தியங்கள் இந்த உலகத்தில் கோடிக்கணக்கில் இருக்கலாம். ஆனால் வாழ்நாளில் ஒரு படத்தைக்கூட முழுசாகப் பார்க்காத சினிமா பைத்தியம் ஒரே ஒருவர்தான். அவரும் எங்கள் நெய்வேலியில், எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பக்கத்து வட்டத்தில்தான் இருக்கிறார். பெயர் ரிமோட் டீச்சர்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று நிச்சயம் இருக்கும். ப்ராக்ரஸ் கார்டில் அது கையெழுத்தாகவும் இருக்கிறது. ஆனால் மையில் விழுந்த எறும்பு எழுந்து நடந்த மாதிரி இருக்கும் அந்தக் கையெழுத்தை இதுவரை யாரும் படித்ததில்லை. பிள்ளைகளுக்கு ரிமோட் மிஸ், எங்களுக்கு ரிமோட் டீச்சர். மற்ற டீச்சர்களின் கைப்பையில் சாக்பீஸும் சிவப்புப் பேனாவும் இருக்கும். இவர் பையில் எந்த டிவிக்கும் ஒத்துவரும் ஒரு கறுப்பு ரிமோட்டும், உபரியாக இரண்டு பேட்டரியும் இருக்கும். ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுக்கிற ஊர் எங்களுடையது. அந்தக் கரண்டில் ஓடும் டிவிகளை நிறுத்துகிற அதிகாரம் தனக்குத்தான் என்று டீச்சருக்கு ஒரு நினைப்பு.

ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுப்பார். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் ஸ்மார்ட் போர்டில் படம் போடுவார். ஹீரோ வாசற்படியில் கால் வைப்பான். உடனே டீச்சர் பட்டனை அமுக்குவார்.

"இந்த வூட்ல யார் யாரு இருக்காங்க?"

"அம்மா, தங்கச்சி, தாய்மாமன் மிஸ்."

"அப்பா?"

"மாலை போட்டு செவுத்துல இருக்காரு மிஸ்."

"சரி. தங்கச்சியோட மார்க் ஷீட்ல கையெழுத்து யாரு போடுவா?"

இதற்குப் பதில் தேடி வகுப்பே இரண்டாகப் பிரிந்து சண்டை போடும். மாமா கட்சி, அண்ணன் கட்சி. ஹீரோ ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக மணி அடிக்கும்வரை நிற்பான். அடுத்த காலை அடுத்த வெள்ளிக்கிழமைதான் எடுத்து வைப்பான். பள்ளி திறந்த ஜூனில் ஆரம்பித்த ஒரு படம் ஆயுத பூஜைக்குத்தான் இடைவேளைக்கு வந்தது.

இதில் ஒரு லாபம் இருந்தது. ஒரு வெள்ளி லீவு போட்டால் கதை போச்சு என்பதால் பிள்ளைகள் அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அம்மை போட்டிருந்த ஒரு பெண் கையில் வேப்பிலைக் கொத்தோடு ஜன்னலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தாளாம். டீச்சர்தான் துரத்தி வீட்டுக்கு அனுப்பினாராம்.

ஹெட்மாஸ்டர் காதுக்கு விஷயம் போனது. "படிக்கிற பசங்களுக்குப் படம் காட்டுறீங்களாமே?" என்று கோபமாக வகுப்புக்கு வந்தார். வந்தவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். படத்தில் கல்யாண மண்டபம், தாலி கட்டப் போகிற நேரம். டீச்சர் நிறுத்திவிட்டு, "பொண்ணு பக்கம் அப்பா இடத்துல யாரு உக்காந்திருக்கா பாருங்க" என்று ஆரம்பித்தார். பத்து நிமிஷம் பொறுத்துப் பார்த்த ஹெட்மாஸ்டர், "தாலிய மொதல்ல கட்ட வுடுங்கம்மா!" என்று கத்திவிட்டார். அதற்கப்புறம் அவர் அந்த வகுப்பைப் பற்றிக் குறை சொன்னதில்லை. அடுத்த வெள்ளி அவரே முன்னால் வந்து உட்கார்ந்திருந்ததாகக் கேள்வி.

படத்தில் வரும் வீட்டை அலசி முடித்ததும் பிள்ளைகள் தங்கள் வீட்டை நோட்டில் வரைய வேண்டும். அப்பா குவைத்தில் இருக்கிற ஒருத்தி, சுவரில் சாய்த்து வைத்த செல்போனை வரைந்து அதற்கு மீசை வைத்திருந்தாள். ஒரே குவார்ட்டர்ஸில் இரண்டு சித்தப்பா குடும்பமும் இருக்கிறவள் படம் வரைய இடம் போதாமல் பின்னட்டை வரை போயிருந்தாள். எதைப் பார்த்தாலும் டீச்சர் முகம் மலர்ந்துவிடும். "அட, இது புது வகையா இருக்கே!" என்று தன் நோட்டில் எழுதிக்கொள்வார்.

இதெல்லாம் கயல்விழி அவள் அப்பாவிடம் சொல்லும்போது அடுப்படியிலிருந்து நான் ஒட்டுக்கேட்டது. கயல் என் வீட்டுக்காரரின் மூத்த மனைவிக்குப் பிறந்த பெண். அந்தம்மா தவறிப்போய் மூன்று வருஷம் கழித்துப் பண்ருட்டிப் பக்கத்திலிருந்து நான் வாழ்க்கைப்பட்டு வந்தேன். அதாவது நான் அவளுக்குச் சித்தி.

இந்த வார்த்தையைப் படித்ததும் உங்கள் காதில் ஒரு திகில் மியூசிக் கேட்டிருக்குமே? எனக்கே கேட்கும். கயல் ஒன்பதாவது படித்த அந்த வருஷம் ஏழு மணிக்கு ஒரு சீரியல். அதில் ஒரு சித்தி, பட்டுப்புடவையோடு படுத்து பட்டுப்புடவையோடு எழுந்திருப்பாள். இடைப்பட்ட நேரத்தில் மூத்த தாரத்துப் பெண்ணின் சாப்பாட்டில் எதையாவது கலப்பாள். நெய்வேலியே அதைப் பார்த்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் பார்த்தேன்.

மறுநாள் மதியம் கயல் டிபன் பாக்ஸைத் திறந்தால் தோழிகள் சூழ்ந்துகொள்வார்களாம். "இருடி, மொதல்ல நான் மோந்து பாக்குறேன்" என்று ஒருத்தி. "எதுக்கும் காக்காய்க்கு ஒரு வாய் வெச்சிட்டுச் சாப்புடு" என்று இன்னொருத்தி. விளையாட்டுத்தான். ஆனால் டிபன் பாக்ஸ் மூடி திறக்காமலே வீட்டுக்குத் திரும்பி வர ஆரம்பித்தது. பிறகு தினமும் காலை ஏழரைக்கு வயிற்றுவலி வந்தது. பிறகு ஒன்பது நாள் பள்ளிக்கூடத்துக்கே போகவில்லை. "நான் பெரியம்மா வூட்டுக்கு நெல்லிக்குப்பம் போறேம்பா. இனிமே படிக்கல" என்று அப்பாவிடம் ஒரே பிடியாக நின்றாள். அவர் சுரங்கத்தில் எத்தனையோ பெரிய மெஷினை ஓட்டுகிறவர். இவளிடம் ஒரு வார்த்தை பேச முடியாமல் ஷிப்டுக்குக் கிளம்பிப் போனார். ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய் விடுவதாக முடிவானது.

நான் பள்ளிக்கூடம் போய்ப் பேசியிருக்கலாம். போகவில்லை. அதுவரை ஒரு பெற்றோர் கூட்டத்துக்கும் போனதில்லை. நான் கேட்டைத் தாண்டினால் அந்த மியூசிக் அடிக்கும் என்று பயம். அவள் போய்விட்டால் எனக்கு நிம்மதி என்றுதான் ஊர் நினைத்திருக்கும். எனக்கோ அவள் போகக் கூடாது என்றிருந்தது. அதைச் சொன்னால் யார் நம்புவார்கள்?

அந்தச் செவ்வாய்க்கிழமை சரியாக ஏழு மணிக்கு வாசலில் ரிமோட் டீச்சர் நின்றார். வீட்டுக்காரர் செகண்ட் ஷிப்ட் போயிருந்தார். செருப்பைக் கழற்றும்போதே, "சீரியல் ஆரம்பிச்சிடுச்சா?" என்றார்.

"டீச்சர், அவளுக்கு வயித்துவலி…"

"உஷ்! அப்புறம்." போய் கயலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

டிவியில் அந்தச் சித்தி பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். என் போதாத காலம், கயலுக்குப் பால் காய்ச்சுவதும் அந்த நேரத்தில்தான். பதற்றத்தில் சுடச்சுட டம்ளரில் ஊற்றி எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வருகிறேன். டிவியில் அவளும் டம்ளரோடு நடந்து வருகிறாள். கயல் டிவியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், என் கையில் இருந்த டம்ளரைப் பார்த்தாள். மியூசிக் உச்சத்துக்குப் போனது.

டீச்சர் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை நிறுத்தினார்.

"கயலு, இந்தம்மா இப்ப என்ன பண்றாங்க?"

"பால் கொண்டாறாங்க மிஸ்."

"கெட்டவங்கன்னு எப்புடித் தெரியும்?"

"மியூசிக்ல தெரியும் மிஸ்."

"இப்பதான் மியூசிக் இல்லியே."

கயல் யோசித்தாள். "கண்ண உருட்டுறாங்க மிஸ்."

டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "உங்க சித்தியுந்தான் உருட்டுறாங்க. எம்மா, டம்ளரு சுடுதுல்ல? கீழ வைங்க!"

வைத்தேன். விரல் பழுத்துவிட்டது. டீச்சர் அந்த டம்ளரைப் புடவைத் தலைப்பால் பிடித்து எடுத்தார். ஊதி ஊதி ஒரு வாய் குடித்தார். நாங்கள் இரண்டு பேரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"சக்கர கம்மி. வேற ஒண்ணும் கலக்கல" என்றார்.

கயல் களுக்கென்று சிரித்துவிட்டாள். நான் வந்த இரண்டு வருஷத்தில் என் எதிரில் அந்தப் பெண் சிரித்தது அதுதான் முதல் தடவை. விரல் எரிச்சலே எனக்கு மறந்துபோனது.

டீச்சர் பாக்கிப் பாலையும் குடித்துக்கொண்டே தன் கதையைச் சொன்னார். "எங்க வூட்ல நானும் எங்க மாமியாரும்தான் கயலு. அவரு வேற குடும்பம் பண்ணிக்கினு போயிட்டாரு. அவுங்கம்மாவ என்கிட்ட வுட்டுட்டுப் போயிட்டாரு. பாத்தா, நல்லது எனக்குத்தான் வந்து சேந்திருக்கு. தெனம் ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து மாமியார் கொடும சீரியல் பாக்குறோம். நான் சத்தத்த நிறுத்துனா மாமியாரு என் கையில அடிக்கும்." எழுந்தபோது போகிறபோக்கில் சொல்வது போல் ஒன்று சொன்னார். "சனிக்கெழம மூணு மணிக்கு எல்லா அம்மா அப்பாவையும் கூப்டிருக்கேன். ஆளுக்கு ஒரு நிமிஷம் அவங்கவங்க வூட்ட செல்லுல எடுத்தாறணும். சத்தமே இருக்கக் கூடாது."

"நான்தான் ஸ்கூலுக்கே வரலியே மிஸ்."

"நீ வராட்டிப் போ. படத்த மட்டும் குடுத்தனுப்பு."

சனிக்கிழமையும் வீட்டுக்காரருக்கு அதே ஷிப்ட். கயல் அவருடைய பழைய செல்லை எடுத்துக்கொண்டு இரண்டரைக்கே கிளம்பிவிட்டாள். வா என்று என்னைக் கூப்பிடவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. மனசு கேட்காமல் நானாகத்தான் போனேன். கேட்டுக்கு வெளியே மரத்தடியில் நின்ற என்னை டீச்சர் கையைப் பிடித்து இழுத்துப்போய் முதல் வரிசையில், ஹெட்மாஸ்டருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

ஒவ்வொரு வீடாக ஓடியது. மீசை வைத்த செல்போனுக்கு ஒருத்தி சோறு ஊட்டினாள். கணவர் இறந்த பிறகு அவருடைய வேலைக்குப் போகிற ஓர் அம்மா, ஹெல்மெட்டோடு ரசம் தாளித்தார். ஓர் அப்பா மகளுக்கு ரெட்டைச் சடை பின்னினார். வலது சடை காதுக்கு மேலே, இடது சடை தோளுக்குக் கீழே.

அடுத்து எங்கள் வீடு. பின்பக்கக் கொடியில் காய்ந்த கயலின் யூனிபார்ம் சுடிதாரை ஓர் ஆடு கவ்விக்கொண்டிருக்கிறது. மறுமுனையில் நைட்டியும் துண்டுமாக நான். ஆடு இழுக்கிறது, நான் இழுக்கிறேன். வாய் திறந்து நான் ஆட்டைத் திட்டுகிற திட்டு, நல்லவேளை, யாருக்கும் கேட்கவில்லை. டீச்சர் சும்மா இருப்பாரா? சரியாக அங்கே நிறுத்தினார். ஆட்டின் வாயும் என் வாயும் ஒரே அளவில் திறந்தபடி ஐந்து நிமிஷம் திரையில் நின்றன. ஹால் முழுக்கச் சிரிப்பு. எனக்கு பெஞ்சுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது.

"ஆடு ஜெயிச்சுதா இல்லியா? ஓட்டுங்க டீச்சர்!" என்றார் ஹெட்மாஸ்டர்.

ஓடியது. நான்தான் ஜெயித்தேன். அடுத்து நான் அந்தச் சுடிதாரைத் திரும்பத் துவைக்கிறேன். இஸ்திரி போடுகிறேன். கயலின் அறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டுகிறேன். அடுத்த நாள் காலை, அதே ஆணி, மறுபடி நான். அதற்கடுத்த நாளும் நான்.

அவள் போகாத நாளிலெல்லாம் அதை எடுத்து, மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டு மாட்டி வைத்தேன். நாளைக்காவது மனசு மாறாதா என்று ஒரு நப்பாசை. அதை அவள் பார்த்திருக்கிறாள், ஒளிந்து நின்று படமும் எடுத்திருக்கிறாள் என்றே எனக்குத் தெரியாது. திரை எனக்குக் கலங்கலாகத் தெரிந்தது.

எனக்குப் பின் வரிசையில் கயலுக்குப் பக்கத்திலிருந்து ஒருத்தி, டிபனை மோந்து பார்க்கிறவளாகத்தான் இருக்க வேண்டும், கிசுகிசுத்தாள். "ஆட்டுகூட மல்லுக்கட்டுறது யாருடி?"

"என் சித்தி" என்றாள் கயல். என் சைக்கிள் என்று சொல்கிற மாதிரி.

வெளியே வரும்போது மேஜைமேல் ஒரு பதிவேடு. வந்தவர் பெயர், மாணவி பெயர், மாணவிக்கு என்ன உறவு என்று மூன்று கட்டம். இரண்டை நிரப்பிவிட்டு மூன்றாவதில் பேனாவோடு நின்றேன்.

"சீக்கிரம் சித்தின்னு எழுதேன். பின்னாடி எத்தினி பேர் நிக்கிறாங்க" என்றாள் கயல், என் தோளில் மோவாயை வைத்துக்கொண்டு.

எழுதினேன். அந்த வார்த்தையை அவ்வளவு பெரிய எழுத்தில் நான் எழுதியதே இல்லை. கட்டத்தைத் தாண்டித் தாளின் ஓரம்வரை போய்விட்டது.

டீச்சரிடம் நன்றி சொல்லப் போனேன். அவர் ரிமோட்டுக்கு பேட்டரி மாற்றிக்கொண்டே, "திங்கக்கெழம பொண்ண அனுப்புங்கம்மா, போதும்" என்றார். அனுப்பினேன். நெல்லிக்குப்பம் போகிற பேச்சு அதோடு நின்றது. கயல் இப்போது ப்ளஸ் ஒன் படிக்கிறாள். பெற்றோர் கூட்டம் என்றால் முதல் ஆளாக நான்தான் போய் நிற்கிறேன்.

எனக்கு ரிமோட் டீச்சர் என்ன உறவு என்று கேட்டு யாராவது ஒரு கட்டம் போட்டுக் கொடுத்தால், எதை எழுதுவேன் என்று தெரியவில்லை. காலியாக மட்டும் விட மாட்டேன்.