இடுக்கியின் வலது கை

உலகத்தில் இரண்டே வகைக் கைகள்தான் உண்டு. ஒன்று, உங்களுக்கும் எனக்கும் வாய்த்தது. மற்றொன்று, இடுக்கியின் வலது கை.

கடலூரில் ஓர் அரசு அலுவலகத்தில் நான் கண்காணிப்பாளராக இருந்தபோது, 2004 வாக்கில், தட்டச்சராக வந்து சேர்ந்தார் இடுக்கி. பெயர் நாங்கள் வைத்ததுதான், அந்தக் கையைப் பார்த்து. நெல்லிக்குப்பத்துக்காரர். ஒல்லி. சட்டை எப்போதும் ஒரு சுற்றுப் பெரிது. முழங்கைக்குக் கீழே மட்டும் யாரோ பயில்வானிடம் இரவல் வாங்கியதுபோல் இருக்கும். அவர் தட்டச்சு செய்த கடிதத்தை ஜன்னலோரம் தூக்கிப் பிடித்தால் ஒவ்வொரு புள்ளி வழியாகவும் சூரியன் தெரியும். எங்கள் அலுவலகத்திலிருந்து காற்றோட்டத்தோடு வெளியே போனவை அந்தக் கடிதங்கள் மட்டுமே.

காரணம் கிரிப்பர், கைக்கு வலுவேற்ற அமுக்குகிற கருவி. விளையாட்டுச் சாமான் கடையில் பிளாஸ்டிக் பிடியோடு தொங்குமே, அதுவல்ல. இவருடையவை இரும்பு. இரண்டு பிடிகள், அவற்றைச் சேர்க்க ஒரு தடித்த ஸ்பிரிங். ஒரே கையால் அமுக்கி, இரண்டு பிடியும் ‘டக்’கென்று முட்டிவிட்டால் அது ‘மூடியதாக’க் கணக்கு. இதற்கென்றே வாழ்கிற ஆட்கள் வெளிநாடுகளில் இருக்கிறார்களாம். அவர்களோடு கடிதப் போக்குவரத்து வைத்து, எங்கும் கிடைக்காதவற்றை எல்லாம் தபாலில் வரவழைத்துச் சேர்த்திருந்தார். ஒன்றை நானும் அமுக்கிப் பார்த்தேன். அது என்னை அமுக்கியது.

அவர் யாருக்கும் கை கொடுக்க மாட்டார். கும்பிடு மட்டும்தான்.

“வேணாங்க சார். ஒருவாட்டி மச்சான் கல்யாணத்துல ஆசையா மாப்பிள்ளைக்குக் கை குடுத்துட்டேன். மூணு முடிச்சும் எங்க வீட்டுக்காரிதான் போட்டா. அவுங்க ஊட்டுல இன்னிக்கி வரைக்கும் அதே பேச்சி.”

அலுவலகக் குழாயை அவர் மூடினால் அவரேதான் வந்து திறக்க வேண்டும். ஒருமுறை மூடிவிட்டு விடுப்பில் போனார். நாங்கள் ஆளுக்கொரு கர்சீப் போட்டுத் திருகிப் பார்த்தோம். கடைசியில் குழாயின் தலைதான் கையோடு வந்தது. இனி விடுப்பில் போகுமுன் குழாயைத் திறந்து வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று நான் உத்தரவிட்டேன். அடுத்த விடுப்பில் அதை அப்படியே நிறைவேற்றினார். திங்கட்கிழமை மேல்தொட்டி காலி. கோப்பறையில் முழங்கால் தண்ணீர். உத்தரவைத் திருத்தினேன்.

இப்படி இருக்கையில் அந்தப் பெரிய கிரிப்பர் தபாலில் வந்து சேர்ந்தது. ஸ்பிரிங் என் சுண்டுவிரல் கனம். அதைச் செய்த பட்டறையையே மூடிவிட்டார்களாம்.

“இத மூடிட்டா போதும் சார். அப்புறம் எனக்கு ஒண்ணுமே வேணாம். ஆனா நடுவர் வேணும். ரூல்ஸ் தெரிஞ்ச ஆளு. உங்கள உட்டா யாரு இருக்கா?”

விதிகளை அச்செடுத்துக் கொடுத்தார். என் சர்வீஸில் விதிகளைப் படிக்கச் சொல்லி ஒருவர் என்னிடம் வந்தது அதுவே முதல் தடவை. தொடங்கும்போது இரு பிடிகளுக்கும் நடுவே ஓர் ஏ.டி.எம். கார்டு அகலத்துக்கு இடம் இருக்க வேண்டும். மறு கை தொடக் கூடாது. பிடிகள் முட்டியதை நடுவர் கண்ணால் பார்க்க வேண்டும்.

நாள், ஆயுத பூஜை. தட்டச்சு இயந்திரத்துக்குப் பக்கத்தில் கிரிப்பர்களும் சந்தனம் குங்குமத்தோடு வரிசையாக உட்கார்ந்திருந்தன. வெளிநாட்டில் வழுக்காமல் இருக்கச் சுண்ணப் பொடி பூசுவார்களாம். இவர் சிதம்பரம் கோயில் விபூதியை எடுத்துத் தேய்த்தார்.

“யோவ், சாமி கோவிச்சிக்கப் போறாரு” என்றார் ஹெட் கிளார்க் அம்மா.

“அவுருக்கும் பாக்க ஆசை இருக்கும்மா.”

அமுக்கினார். கழுத்து நரம்பெல்லாம் கயிறாயின. பிடிகள் நெருங்கின, இன்னும் நெருங்கின, நின்றன. நான் குனிந்து பார்த்தேன்.

“நூலளவு இருக்கிறது. ஆகவில்லை.”

“ஏன் சார், ஆச்சின்னு சொன்னா உங்க பென்ஷன்லயா புடிச்சிக்குவாங்க?” என்று அம்மா பாய்ந்தார்.

இடுக்கி மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: “சார் சொன்னா சரிம்மா. நூல் இருந்துச்சி.”

அதன் பிறகு ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் பொரிகடலை, விபூதி, நூல். நான் சிதம்பரத்துக்கு மாற்றலாகிப் போன பிறகும் பூஜைக்கு பஸ் பிடித்து வந்துவிடுவார். நூல் மட்டும் போகவில்லை.

2012 நவம்பர் கடைசியில் எனக்குப் பணி ஓய்வு. சிதம்பரத்தில் பிரிவு உபசாரம். கடலூரிலிருந்து ஹெட் கிளார்க் அம்மா சால்வையோடு வந்தார். இடுக்கி கிரிப்பரோடு வந்தார்.

“நாளைலேர்ந்து நீங்க ஊட்டுல இருப்பீங்க. நான் நடுவருக்கு எங்க சார் போவேன்? இன்னிக்கி மூடலன்னா இல்லதான்.”

அது மின்வெட்டுக் காலம். ஆறு மணிக்குக் கரண்ட் போகும் என்பது ஊரறிந்த விஷயம். ஆனால் என்னைப் புகழ்வதற்கு ஆட்கள் அதிகம். அதில் பாதிப் பேர் என்னால் மெமோ வாங்கியவர்கள். எல்லோரும் பேசி முடித்தபோது வெளியே இருட்டிவிட்டிருந்தது. கார்டை நுழைத்துப் பார்த்தேன், சரி. எடுத்தேன். இடுக்கி அமுக்கத் தொடங்கினார். கரண்ட் போனது.

கும்மிருட்டில் ‘டக்’ என்றது.

“ஆச்சி! ஆச்சி!” என்று அறையே கத்தியது.

“நான் பார்க்கவில்லை” என்றேன்.

“காது கேக்கலியா சார் உங்களுக்கு?”

“விதியில் காது இல்லையம்மா.”

அப்போது இருட்டுக்குள்ளிருந்து, பல்லிடுக்கில் நசுங்கி ஒரு குரல் வந்தது.

“சண்ட போடாதீங்க... லைட்டு கொண்டாங்க... புடிச்சிகிட்டுதான் இருக்கேன்.”

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை வருடம் ஒரு கணம்கூட மூடாததை, மூடி, பிடித்துக்கொண்டும் நிற்கிறான் மனிதன்! ஹெட் கிளார்க் அம்மா டார்ச் வைத்த செல்போனைத் தேடிக் கைப்பையைத் துழாவினார். சாவிக்கொத்து வந்தது, தைல பாட்டில் வந்தது, யாருடைய கல்யாணத் தேங்காயோ வந்தது. “அம்மா... சீக்கிரம்மா...” என்றது குரல். ஒருவழியாக வெளிச்சம் வந்தது. நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தேன்.

நூல் இல்லை.

“மூடியிருக்கிறது. பார்த்துவிட்டேன். விடலாம்.”

விட முடியவில்லை. விரல்களை நானும் அம்மாவும் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தோம். கிரிப்பர் மேசையில் விழுந்தது. இடுக்கி தன் கையை வேறு யாருடையதோபோல் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

“இப்ப தைரியமா குடுக்கலாம் சார். இதுல ஒண்ணுமே இல்ல.”

பிடித்தேன். விபூதியும் வேர்வையுமாக, தூங்கும் குழந்தையின் கைபோல் துவண்டு கிடந்தது. கரண்ட் வந்ததும் எல்லோரும் மிக்சர் தட்டைப் பார்க்கப் போனார்கள். இடுக்கியும் போகத்தான் பார்த்தார். கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான்.