மைக்செட்டும் தகரக் கூரையும்

நடந்தது இதுதான்:

1. சுனாமிக்குப் பிறகு தகர ஷெல்ட்டர்களில் இருந்தவர்களுக்கு ஒருவழியாக வீடுகள் கிடைத்தன. ஷெல்ட்டர்களைப் பிரித்த இடத்தில் ஊருக்கு ஒரு பொழுதுபோக்கு மண்டபம் கட்டலாம் என்று முடிவானது.

2. அதற்குக் கட்டடப் படம் வரையும் வேலை, போர்ட் பிளேரில் நான் இருந்த சின்ன அலுவலகத்துக்கு வந்தது. அங்கே எல்லோரையும்விடச் சின்னவள் நான் என்பதால் என் மேசைக்கு வந்தது.

3. மண்டபம் பார்க்க எப்படி இருக்க வேண்டும், சுற்றிலும் என்ன மரம், என்ன செடி வைக்க வேண்டும் என்று பார்த்துச் சொல்ல பஞ்சாயத்து ஒரு குழுவைப் போட்டது.

4. குழுவில் மைக்செட் இருந்தார்.

5. முதல் மூன்றையும் இப்போது நீங்கள் மறந்துவிடலாம்.

அந்தமானில் ரகசியம் பேசத் தெரியாத ஒரே மனிதர் மைக்செட்தான். ஒருமுறை போர்ட் பிளேர் பக்கத்துச் சாத்தம் ஜெட்டியில் நின்றுகொண்டு, தன் நண்பருடைய மகனுக்குப் பெண் பார்த்திருக்கும் விஷயத்தைக் கையால் வாயை மூடிக்கொண்டு ஒருவர் காதில் சொன்னாராம். அவர் ஏறிய ஃபெரி எதிர்க்கரையில் அவருடைய ஊரான பேம்பூஃப்ளாட்டைத் தொடுவதற்குள் அந்தச் செய்தி இறங்கி, பஸ் பிடித்து, பெண் வீட்டுக்கே போய்விட்டதாம்.

தொழில், மைக்செட் வாடகைக்கு விடுவது. கல்யாணம், கோயில் கொடை, துர்கா பூஜை, தேர்தல் எதுவானாலும் அவருடைய குழாய் ஸ்பீக்கர்தான் கத்தும். குழாய் இல்லாவிட்டால் அவரே கத்துவார். ராமநாதபுரத்துப் பக்கத்திலிருந்து சின்ன வயதில் வந்தவர். தமிழும் தீவு ஹிந்தியும் கலந்து பேசுவார். எதைச் சொல்வதற்கு முன்னும் ‘ஹலோ, ஹலோ’ என்று சோதித்துக்கொள்வார். இழவு வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனபோதும் ‘ஹலோ, ஹலோ’ சொல்லிவிட்டுத்தான் அழ ஆரம்பித்தார் என்று ஊரில் சொல்வார்கள்.

பேம்பூஃப்ளாட் கரையோரம் இருந்த அவருடைய கடையைக் கடல் எடுத்துக்கொண்டது. பெட்டிகள், ஆம்ப்ளிஃபையர்கள், வயர்கள் எல்லாம் போயின. ஒரே ஒரு குழாய் மட்டும் அலையாத்தி வேர்களுக்கு நடுவில் கிடைத்தது. உள்ளே நண்டு குடியிருந்தது. நண்டைக் காலி செய்யவைத்து, குழாயை வெயிலில் காயவைத்து, கடன் வாங்கிய பெட்டியில் சேர்த்துப் பேசிப் பார்த்தார். கரகரவென்று வந்தது.

“அதுக்குச் சளி பிடிச்சிருக்கு தாயி. பாவம், கடல்ல குளிச்சிருக்குல்ல” என்று என்னிடம் விளக்கினார்.

அந்தச் சளி பிடித்த குழாயோடும் மனைவியோடும் தகர ஷெல்ட்டருக்குப் போனார். தற்காலிகம் என்றுதான் கட்டினார்கள். வருடக்கணக்கில் நீண்டுவிட்டது. சுவரும் தகரம், கூரையும் தகரம். வெயிலில் அடுப்புக்குள் இருப்பது போல இருக்கும். மழைக்கு அதைவிட மோசம். எங்கள் தீவில் மழை மே மாதம் வந்தால் வருடக் கடைசி வரை கிளம்பாது. வீடு கிடைப்பதற்கு முன்பே அவருடைய மனைவி ஷெல்ட்டரில் இறந்துவிட்டார். அந்த அம்மாளை நான் பார்த்ததில்லை. எல்லாவற்றையும் ஊருக்கே கேட்கும்படி சொல்கிற மைக்செட், அதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

குழு பள்ளிக்கூட வராந்தாவில் கூடியது. தலைமை, பிரதான் எனப்படும் பஞ்சாயத்துத் தலைவர். வங்காளிப் பெண்மணி, ஊருக்கெல்லாம் தீதி, அதாவது அக்கா. அடுத்தவர், ஓய்வுபெற்ற மலையாளி கணக்கு மாஸ்டர். மூன்றாமவர் கலாசாரப் பிரதிநிதி என்ற பெயரில் மைக்செட். நான் படத்தைச் சுவரில் மாட்டிவிட்டு, வரிசை எண் போட்டு விளக்க ஆரம்பித்தேன். எண் ஒன்று, சுவர் வண்ணம்.

“ஹலோ, ஹலோ. சுனோ தாயி. இது என்ன, பல்லு வெளக்குற பொடி கலரு?”

“மணல் நிறம் அங்கிள். கண்ணுக்கு இதமா இருக்கும்.”

“ரோஸ் கலர் அடி. கப்பல்லேருந்து பாத்தாத் தெரியணும்.”

“இந்த ஊருக்குள்ள கப்பல் எங்க வரும்?”

“கடலே வந்துச்சு. கப்பல் வராதா?”

தீதிதான் முதலில் சிரித்தார். அவருடைய வயல் இன்னும் உப்புத் தண்ணீரில்தான் கிடந்தது.

எண் இரண்டு, தோட்டம். நான் புல்தரையும் ஓரத்தில் தென்னையும் வரைந்திருந்தேன்.

“தென்னைய எதுக்கு வரிசையா நிறுத்தியிருக்க? ஸ்கூல் பிரேயரா? கேரம் ஆடுறவன் தலையில காய் விழுந்தா யாரு பொறுப்பு?”

மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை. “தேங்காய் விழும்னு தென்னை வேண்டாங்கறது, பிள்ளை அழும்னு கல்யாணம் வேண்டாங்கற மாதிரியாக்கும்!”

“மாஸ்டர்ஜி, உங்க ஊர்ல தென்னைதான் சாமி. இங்க ஃபவுண்டன் வைக்கணும். நடுவுல ஒரு அன்னப்பறவை. அது மூக்கால தண்ணி ஊத்தணும். சுத்தி கலர் லைட்டு.”

“தாதா, ஊர்ல பானி ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வருது” என்றார் தீதி. அவர் பாஷையில் தாதா என்றால் அண்ணன்.

“டீக் ஹை. அன்னமும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஊத்தட்டும்.”

எண் மூன்று, கூரை. நான் தகரம் என்று வாயைத் திறந்ததும் மைக்செட் ‘ஹலோ’ சொல்லவில்லை.

“தகரம் வேணாம்” என்றார். அவ்வளவுதான்.

அடுத்த கூட்டத்திலும் இதே கதைதான். வண்ணத்துக்குச் சண்டை, தென்னைக்குச் சண்டை, அன்னத்துக்குப் பெரிய சண்டை. ஆனால் அதெல்லாம் அவருக்கு விளையாட்டு. விட்டுக்கொடுக்கவும் செய்தார், ரோஸை மாலைக்குள் மறந்தும் போனார். கூரைக்கு வந்தால் மட்டும் முகம் மாறிவிடும்.

என்னிடம் காரணங்கள் இருந்தன. நிலம் ஆடுகிற தீவில் தலைக்கு மேல் கனமான கூரை ஆபத்து. தகரத்தை ஒரு தொண்டு அமைப்பு இலவசமாகக் கொடுத்து, அது மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்தும் ஜெட்டியில் கிடக்கிறது. அதை வேண்டாமென்றால் வேறு கூரைக்கு வழியில்லை. மாஸ்டர் தலையாட்டினார். தீதியும் தலையாட்டினார். மைக்செட் எழுந்து போய்விட்டார்.

மூன்றாவது கூட்டத்துக்கு அவர் ஒரு தகரத் தகட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். பிரித்த ஷெல்ட்டரிலிருந்து எடுத்தது. அதன் மேல் வீட்டு எண் இன்னும் பெயின்ட்டில் இருந்தது. இரண்டு மேசைகளை விலக்கிப் போட்டு, தகட்டை அவற்றின் மேல் கிடத்தினார். வாசலிலிருந்து ஒரு வாளி ஜல்லியை அள்ளிவந்து மாஸ்டர் கையில் கொடுத்தார்.

“மாஸ்டர்ஜி, நீங்கதான் மழை. தீதி, நீங்க அடியில வந்து உக்காருங்க. நானும் உக்காருறேன்.”

பஞ்சாயத்துப் பிரதான், கஞ்சி போட்ட பருத்திப் புடவையோடு, குனிந்து தகரத்துக்கு அடியில் போய் ஸ்டூலில் உட்கார்ந்தார். அவருக்கு எதிரே மைக்செட் மடங்கி உட்கார்ந்தார். வராந்தாவில் வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்துவிட்டது.

“தீதி, ஏதாச்சும் சொல்லுங்க. மெல்லமா. பிரதான் மாதிரி இல்ல. உடம்பு முடியாதவங்க சொல்ற மாதிரி. மாஸ்டர்ஜி, சாலூ! ஆரம்பிங்க!”

மாஸ்டர் சாலூ செய்தார். மைக்செட்டின் தலைக்கு மேல் கல் கொட்டும் வாய்ப்புக்காகவே மனிதர் வருடக்கணக்கில் காத்திருந்தது போலக் கொட்டினார். தகரம் அலறியது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும்தான். அடியில் தீதியின் உதடு அசைவது தெரிந்தது.

“க்யா? என்னது?” என்று மைக்செட் காதைக் குவித்தார்.

தீதி மறுபடி சொன்னார்.

“கேக்கல! ஜோர்சே போலோ! சத்தமாச் சொல்லேன்!”

அந்தக் குரல் தகரத்தையும் தாண்டி வந்தது. கூட்டம் இன்னும் பலமாகச் சிரித்தது. ஆனால் மைக்செட் வாயைத் திறந்தபடியே இருந்துவிட்டார். அவர் வேறு ஏதோ வேடிக்கையாகச் சொல்லி முடிப்பதாகத்தான் திட்டம் போட்டிருக்க வேண்டும். கையைத் தூக்கினார். மாஸ்டர் வாளியை நிறுத்தினார். கடைசி ஜல்லி உருண்டு கீழே விழுந்தது.

“இப்பிடித்தான் கத்தினேன்” என்றார். அது அவருடைய குரல் மாதிரியே இல்லை. குனிந்து கேட்க வேண்டியிருந்தது. “மழை கொட்டுது. அவ படுத்திருக்கா. என்னமோ சொல்றா. ‘சத்தமாச் சொல்லு, சத்தமாச் சொல்லுடி’ன்னு அதட்டுறேன். முடியாதவகிட்ட. திரும்பத் திரும்பச் சொல்லிப் பாத்தா. மழை விட்டப்ப அவ இல்ல.”

மைக்செட் தீதியைப் பார்த்தார்.

“இப்ப நீங்க என்ன சொன்னீங்க?”

தீதி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “சாய் குடிக்கிறீங்களான்னு கேட்டேன் தாதா.”

“அதுவாத்தான் இருக்கும்” என்றார் மைக்செட். “அவளும் அதைத்தான் கேட்டிருப்பா. என்கிட்ட வேற என்ன கேட்டா அவ.”

அன்று கூட்டம் அத்தோடு கலைந்தது.

தகரம் ஜெட்டியில் கிடந்தது கிடந்ததுதான். அதை யாராலும் மாற்ற முடியாது. நான் செய்ய முடிந்தது, தகரத்துக்கு அடியில் சத்தத்தை விழுங்க நார்மெத்தையும் அதற்குக் கீழே பலகைச் சீலிங்கும் போட்டு ஒரு புதுப் படம் வரைவது. பலகையைச் சாத்தம் மர ஆலையிலேயே அறுத்து வாங்கலாம். ஆனால் அதற்கென்று தனியாக நிதி இல்லை. குழுவின் கையில் இருந்தது தோட்டத்துக்கான நிதி மட்டும்தான். தோட்டம் முழுவதையும் விட்டுக்கொடுத்தாலும் பாதி மண்டபத்துக்குத்தான் சீலிங் வரும்.

அடுத்த கூட்டத்தில் இதைச் சொன்னேன். மாஸ்டர் தன் தென்னைகளை உடனே கொடுத்துவிட்டார். தீதி புல்தரையைக் கொடுத்தார். எல்லோரும் மைக்செட்டைப் பார்த்தோம். அவர் படத்தின் முன்னால் போய் நின்றார். இரண்டு கூட்டமாகச் சண்டை போட்டு வாங்கிய அன்னப்பறவை அதில் இருந்தது. கலர் லைட்டுகூட இருந்தது, நானே பென்சிலால் வரைந்தது.

“ஹலோ, ஹலோ” என்றார் மெல்ல. “அந்தப் பறவைய அழிச்சிரு தாயி.”

“எந்தப் பாதிக்குச் சீலிங் அங்கிள்?”

“வயசானவங்க உக்கார்ற பாதிக்கு. கேரம்காரனுக்கு எதுக்கு? அவன் எங்க பேசுறான், அடிக்கத்தான செய்யுறான்.”

சீலிங் வேலை முடிந்தபோது மழைக்காலம் போயிருந்தது. மைக்செட்டுக்கு அது பெரிய வருத்தம். தினமும் வந்து சீலிங்குக்கு அடியில் உட்கார்ந்து, வானத்தைப் பார்த்து “ஹலோ, ஹலோ” என்பார். ஒரு நாள் பொறுக்க முடியாமல் ஏணி வைத்து ஏறி, புதுக் கூரையில் ஜல்லியைக் கொட்டிவிட்டார். தீதி ஓடிவந்தார்.

“தாதா! பெயின்ட் போகுது! இறங்குங்க!”

“டெஸ்டிங் தீதி, டெஸ்டிங்!”

“பகவான் மழை கொடுப்பார், நீங்க கல்லைக் கொடுக்காதீங்க!”

மழைக்கு முன்னால் நெஞ்சுவலிதான் வந்தது. இங்குள்ள ஆஸ்பத்திரியில் மெயின்லேண்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். அங்கேயிருந்து அவருடைய மகள் வந்து கப்பலில் அழைத்துப் போனாள். நானும் தீதியும் மாஸ்டரும் ஜெட்டிக்குப் போயிருந்தோம். கப்பல் விலகியதும் மைக்செட் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

“தாயி! மழை வந்ததும் சொல்லணும்! கேக்குதா இல்லையான்னு!”

ஜெட்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர் நின்று, வானத்தைப் பார்த்துவிட்டு, “மழையா? ஆஜ்? இன்னிக்கா?” என்று என்னிடம் கேட்டார். மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

மைக்செட் இறந்துபோனார் என்று மகள் தொலைபேசியில் சொன்னாள். அன்றைக்கும் இங்கே நல்ல வெயில்.

மே மாதம் முதல் மழை பிடித்ததும் நான் அலுவலகத்தில் சொல்லிவிட்டு சாத்தமுக்கு ஓடி ஃபெரி ஏறினேன். மண்டபத்துக்குள் நுழைந்தபோது கேரம் பக்கம் ஒரே இரைச்சல். ஆடுகிறவர்கள் ஒருவரோடொருவர் சைகையில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் சீலிங் உள்ள பக்கம் வந்து உட்கார்ந்தேன். சற்றுத் தள்ளி இரண்டு அம்மாக்கள் தலையைச் சேர்த்து வைத்துக்கொண்டு ஒருத்தியின் மருமகளைப் பற்றிக் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. நான் கேட்கக் கூடாததும் கேட்டது.

இப்போதைய நிலவரம் இது. மண்டபம் நல்லபடியாக இருக்கிறது. சுவர் மணல் நிறம். தோட்டம் இல்லை. வாசலில் தானாக முளைத்த செடிகளை யாரும் பிடுங்கவில்லை. பாதிக்குச் சீலிங், மறு பாதிக்கு வெறும் தகரம். மழை பெய்யும்போது சீலிங் உள்ள பாதியில், முடியாதவர்கள் மெல்லப் பேசினாலும் கேட்கிறது, அங்கிள்.