பாதி மீசையில் நின்ற கத்தி

முடி வெட்டுவது வெறும் தொழில். முடி வெட்டப்போவதை உலகத்துக்கு அறிவித்துவிட்டு வெட்டுவதுதான் நாகரிகம். இந்த வித்தியாசம் தெரியாமல் மனித குலம் எத்தனையோ நூற்றாண்டுகளைக் கத்தரிக்கோலும் கையுமாக வீணடித்துவிட்டது. அந்தக் களங்கத்தைத் துடைக்கவே பேருந்து நிலையத்தின் பின்புறச் சந்தில், இரண்டு நாற்காலி போட்ட கடையில், நம் சலூன்காரர் அவதரித்தார்.

அவதாரத்துக்குக் காரணம் பயம். எதிரே புதிதாக ஒரு சலூன் முளைத்திருந்தது. வாசலில் ஒரு பெஞ்சு, அதில் எப்போதும் யாராவது ஒருவர். இப்படியே போனால் கடையைச் சாத்திவிட்டு எதிர்க்கடையில் கூலிக்குக் கத்தி பிடிக்க வேண்டியதுதான் என்று சலூன்காரர் கணக்குப் போட்டார். அந்த நேரம் பார்த்து மனைவியின் தம்பி வந்து சேர்ந்தான். ஒரு நாள் பயிலரங்கில் உட்கார்ந்து எழுந்து "சமூக ஊடக வணிக வளர்ச்சி ஆலோசகர்" ஆகியிருந்தான். வேலை இல்லை என்பதை இவ்வளவு நீளமாகச் சொல்ல முடியும் என்று சலூன்காரர் அதுவரை நினைத்ததில்லை.

"மாமா, கஸ்டமர் உங்களைத் தேடிக்கிட்டுதான் இருக்காங்க. அவங்க தேடுற இடத்துல நீங்க இல்லை."

"காலையிலேருந்து இங்கயேதானேடா இருக்கேன்?"

"அதான் தப்பு!"

தப்பு அன்றே திருத்தப்பட்டது. புதிய நடைமுறை அமலுக்கு வந்தது. அதன்படி எந்த வேலையானாலும் சரிபாதியில் நிறுத்த வேண்டும். முழுதாக வெட்டிய தலையை யாரும் பார்ப்பதில்லை, பாதித் தலையைத்தான் நின்று பார்ப்பார்கள் என்பது ஆலோசகரின் ஆய்வு முடிவு. படம் எடுத்த பிறகு "ஹேஷ்டேக் தேர்வுக் குழு" கூடும். குழுவில் மாமா ஒருவர், மச்சான் ஒருவர். குழு முடிவு சொல்லும்வரை கத்தியைத் தொடக் கூடாது.

"#கிருதா போடலாமா, #கிருதாக்கள் போடலாமா?"

"ஒரு பக்கம்தானேடா எடுத்திருக்கேன்? ஒருமையே போடு."

இப்படி ஆழமான விவாதங்கள் நடந்தன. நாற்காலியில் இருந்தவர்களில் சிலர் தூங்கினார்கள். சிலர், வரலாற்றில் இடம்பெறும் பொறுமை இல்லாதவர்கள், கழுத்துத் துணியோடு விருட்டென்று எழுந்து போனார்கள். அவர்கள் எங்கே போனார்கள் என்று பார்க்கக் குழுவுக்கு நேரமில்லை. லைக் எண்ணிக்கொண்டிருந்தது.

அப்படியொரு நல்ல நாளில் மருந்துக்கடைக்காரர் ஓடிவந்தார். மதியம் பதிவு அலுவலகத்தில் அவருக்குக் கல்யாணம்.

"அண்ணே, மீசையை எடுத்துடுங்க. அவளுக்கு மீசை பிடிக்காதாம். சீக்கிரம்ணே."

இடப்பக்க மீசை போனது. கத்தி நின்றது. படம் எடுக்கப்பட்டது.

"மாமா, இன்னிக்கு நம்ம ஊர்ல எது ஓடுது தெரியுமா? #காணவில்லை! பெரிய வீட்டு நாய் ஒண்ணு காணோம். ஊரே அதைத்தான் பார்க்குது. நாமும் அதையே போடுறோம்."

"இவரு இங்கதானேடா உட்கார்ந்திருக்காரு?"

"மீசையில பாதியைக் காணோமே! நாம பொய் சொல்லலையே, மாமா."

சலூன்காரருக்கு உடம்பு சிலிர்த்தது. நேர்மையான வியாபாரம் என்றால் இதுதான். #காணவில்லை, #மாப்பிள்ளை, #இன்றுகல்யாணம், #புதியதோற்றம், #விடுதலை. இவ்வளவும் போட்டு, மருந்துக்கடைக்காரரின் நட்பு வட்டம் முழுவதையும் படத்தில் டேக் செய்தான் ஆலோசகர். அந்த வட்டத்தில் வருங்கால மாமனாரும் இருந்தார்.

"அண்ணே, மிச்ச மீசை..." என்றார் மருந்துக்கடைக்காரர்.

"ரீச் வரட்டும் தம்பி. நாலு பேரு பார்க்கட்டும்."

ரீச் ஆட்டோ பிடித்து வந்தது. முதலில் பெண்ணின் அப்பா இறங்கினார். பின்னாலேயே சித்தப்பாமார், ஒரு போலீஸ்காரர், கையில் சங்கிலியோடு இரண்டு பேர். சந்து நிரம்பியது. இத்தனை வருஷத்தில் தன் கடை வாசலில் இப்படிக் கூட்டத்தைச் சலூன்காரர் பார்த்ததில்லை. கண் கலங்கிவிட்டது அவருக்கு.

"கல்யாணத்தன்னிக்கு மாறுவேஷமா மாப்பிள்ளை?" என்று பெண்ணின் அப்பா கத்தினார். "மீசையை எடுத்துட்டு ஓடிடலாம்னு பார்த்தீங்களா? நல்லவேளை, பாதியிலேயே பிடிச்சிட்டோம்!"

"ஐயோ மாமா, நான் ஓடலை! உட்கார்ந்துதான் இருக்கேன்! ரொம்ப நேரமா உட்கார்ந்துதான் இருக்கேன்!"

"அப்ப நாய் இங்க இல்லையா?" என்றார் சங்கிலிக்காரர்களில் ஒருவர், ஏமாற்றத்தோடு.

கடைசி ஆட்டோவில் மணப்பெண் வந்தாள். மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்: "எடுக்கச் சொன்னது நான்தான்ப்பா."

"எடுக்கச் சொன்னா ஏம்மா பாதியில நிக்குது?"

கூட்டம் முழுவதும் சலூன்காரரைப் பார்த்தது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"குழு இன்னும் கலையல."

"எல்லாரும் அப்படியே நில்லுங்க, லைவ் போட்டுடறேன்!" என்று ஆலோசகர் ஸ்டூல் மேல் ஏறினான்.

மணப்பெண் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து எழுப்பினாள். பாதி மீசையும், அதன்மேல் காய்ந்த நுரையுமாக அவர் வெளியேறினார். கூட்டமும் பின்னாலேயே போனது. கல்யாணம் நடந்துவிட்டது என்று பிறகு தகவல் வந்தது. கடையில் மிஞ்சியது மாமா, மச்சான், தரையில் அரை மீசை.

"மாமா, சாதனை! பார்த்தவங்க மட்டும்..."

"வெட்டிக்கிட்டவங்க எத்தனை பேருடா?"

ஆலோசகர் அந்தப் புள்ளிவிவரத்தைப் பயிலரங்கில் படிக்கவில்லை.

சாயங்காலம் சலூன்காரர் மானத்தை விழுங்கிக்கொண்டு தெருவைத் தாண்டினார். எதிர்க்கடை வாசலில் இப்போது மூன்று பெஞ்சு. மூன்றிலும் ஆள். அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"தம்பி, மறைக்காமச் சொல்லுங்க. முன்னாடி ஒரு பெஞ்சுதானே இருந்தது? இவ்வளவு ஆளு எப்படி? உங்களுக்கு ஹேஷ்டேக் போடறது யாரு?"

எதிர்க்கடைக்காரர் கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு, நன்றியோடு கையைக் கூப்பினார்.

"எனக்கு எதுக்குண்ணே அதெல்லாம்? நீங்கதானே தினமும் பாதி வெட்டி, கழுத்துத் துணியோட இங்க அனுப்பி வைக்கிறீங்க!"