இட்லிப் பானைக் கொடைக்கானல்

வியாழக்கிழமை மதிய ரயிலின் கடைசிப் பெட்டி தாம்பரம் பிளாட்பாரத்தை விட்டு நழுவிக்கொண்டிருந்தபோது, ஜெபகுமார் சாமான்களை மூன்றாவது முறையாக எண்ணிக்கொண்டிருந்தார். பட்டியலில் பதினொன்று. கண்ணெதிரே பத்து.

"ஏங்க, ரயில் போகுது."

"இரு ஷீலா. பாப்பாவோட ஃப்ளாஸ்க் எங்க?"

"உங்க தோள்லதான் தொங்குது."

எண்ணி முடிக்காமல் யாரும் ஏறக் கூடாது என்று உத்தரவிட்டிருந்ததும் அவர்தான். ஆறு வயது ஸ்டெபின் ரயிலுக்கு டாட்டா காட்டினான். மூன்று வயது சுஜி, "அப்பா, நம்ம ரயில் எப்ப வரும்?" என்று கேட்டாள்.

பள்ளி விடுமுறைக் கூட்டம். அடுத்த ரயிலிலும் இடமில்லை, பேருந்திலும் இடமில்லை. போகாவிட்டால் என்ன, திரும்பிவிடலாமே என்றால், அங்கேதான் சிக்கல். சிட்லபாக்கத்தில் அவர்கள் சபைக்கு ஜெபகுமார்தான் செயலாளர். ஆராதனைக்கு ஐந்து நிமிடம் பிந்தி வருகிறவர்களுக்கு, 'அன்புடையீர், நேரம் தவறாமை குறித்து' என்று முத்து முத்தான கையெழுத்தில் கடிதம் அனுப்புகிறவர். அவர் ரயிலைக் கோட்டை விட்டார் என்று தெரிந்தால் சபை சிரித்தே அடுத்த கிறிஸ்துமஸ் வரை ஓட்டிவிடும்.

அதைவிடப் பெரிய வினை ஒன்றும் இருந்தது. ஞாயிறு காலை ரயிலிலிருந்து இறங்கி நேரே சபைக் கோயிலுக்கு ஓட வேண்டியிருக்கும், எழுத நேரம் இருக்காது என்று, ஆராதனையில் வாசிக்க வேண்டிய நன்றிச் சீட்டைப் புதன்கிழமையே எழுதிப் போதகரிடம் கொடுத்துவிட்டார். 'கொடைக்கானல் சென்று சுகபத்திரமாய்த் திரும்பக் கிருபை செய்ததற்காக ஸ்தோத்திரம்.'

"பாஸ்டர்ட்ட உண்மையச் சொல்லிச் சீட்டைத் திருப்பி வாங்கிடுங்க," என்றாள் ஷீலா.

"எந்த முகத்தோட கேக்கறது? போன வாரம்தான் பிரசங்கம் ஏழு நிமிஷம் கூடிப்போச்சுன்னு அவருக்கே லெட்டர் போட்டேன்."

ஆகவே, ஞாயிறு காலை வரை வீட்டுக்குள் ஒளிந்திருப்பது என்று முடிவாயிற்று. காலையில் ஏற்றிவந்த அதே ஆட்டோதான் திரும்பவும் வாய்த்தது.

"இன்னா சார், ரயிலு வர்லியா?"

"வந்துச்சு."

"அப்பால இன்னா?"

"பின்பக்கச் சந்துல நிறுத்துப்பா."

"சொந்த வூட்டுக்கே பின்னால பூர்றியே சார்!"

வீட்டுக்குள் முதல் சட்டம், சத்தம் கூடாது. பேசாமல் இருக்கும் பிள்ளைக்கு மணிக்கொரு சாக்லேட் என்றார் ஜெபகுமார். கொடைக்கானல் போகும் வழிக்கென்று வாங்கியது மொத்தமும் இருட்டுவதற்குள் தீர்ந்தது. சாக்லேட் ஏறிய உற்சாகத்தில் இருவரும் சோபாவிலிருந்து குதிக்கத் தொடங்கினார்கள். குதிக்கும் சத்தம் கேட்காமலிருக்க வீட்டிலிருந்த மெத்தையையெல்லாம் தரையில் போட்டார். மெத்தையைப் பார்த்ததும் பீரோ மேலிருந்து குதித்தார்கள்.

வெள்ளிக்கிழமை மாலை, வாசல் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற பக்கத்து வீட்டு ஞானஜோதி வந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை, அதே சபை. போவதற்கு முன் அவரிடம் கேட் சாவியைக் கொடுத்து, எந்தச் செடிக்கு எத்தனை குவளை என்று தாளில் எழுதியும் கொடுத்திருந்தார் ஜெபகுமார். இப்போது ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஞானஜோதி, இந்தப் பக்கம் நான்கு பேரும் தரையோடு தரையாக.

"ஆன்ட்டி!" என்றாள் சுஜி.

ஜெபகுமார் அவள் வாயைப் பொத்தினார். வெளியே தண்ணீர்ச் சத்தம் சற்று நின்றது. பிறகு மறுபடி விழுந்தது.

"போச்சு," என்றார் மூச்சே வராமல்.

"ஒண்ணும் கேட்டிருக்காது. அவங்களுக்கு வயசாயிடுச்சு," என்றாள் ஷீலா.

குக்கர் விசில் வெளியே கேட்கும் என்பதால் மூன்று வேளையும் இட்லி. சனிக்கிழமை காலை, சபை வாட்ஸ்அப் குழுவில் போதகர் ஜீவானந்தம் கேட்டிருந்தார்: 'பிரதர், ஒரு போட்டோ கூட வரலையே?'

ஜெபகுமார் இட்லிப் பானையைத் திறந்தார். ஆவி குபீரென்று கிளம்பியது. ஆவியைப் பார்த்தார். ஷீலாவைப் பார்த்தார்.

"வேணாங்க," என்றாள் அவள்.

ஐந்து நிமிடத்தில், கொளுத்தும் மே மாதத்தில், நான்கு பேரும் ஸ்வெட்டரும் குல்லாயும் மாட்டிக்கொண்டு பானையைச் சுற்றி நின்றார்கள். மூடுபனி அபாரமாக வந்திருந்தது. படத்தைப் போட்டதும் இதயங்களாகக் கொட்டின. பிறகு ஜாய்சன் என்ற வாலிபன் எழுதினான்: 'அங்கிள், பின்னாடி நம்ம சேலையூர் பாத்திரக்கடை காலண்டர் தொங்குதே?'

'லாட்ஜ் ஓனர் சேலையூர்க்காரர்,' என்று தட்டினார் ஜெபகுமார்.

'ஸ்தோத்திரம்! நம்ம ஊர்க்காரரா?' என்றார் போதகர். 'அவர் நம்பர் அனுப்புங்க. மே கடைசில சபையா ஒரு நாப்பது பேர் போயிட்டு வரலாம்.'

ஜெபகுமார் போனை அணைத்துவிட்டு, ஸ்வெட்டரோடு தரையில் உட்கார்ந்தார். வேர்வை மூக்கு நுனியில் சொட்டியது.

"அப்பா, கொடைக்கானல் ரொம்ப சூடா இருக்குப்பா," என்று ஸ்டெபின் கிசுகிசுத்தான்.

ஷீலாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. சத்தம் வராமல் தலையணையில் முகம் புதைத்துச் சிரித்தாள். அவரும் சிரித்தார். அன்று மதியம் மேஜைக்கு அடியில் போர்வை கட்டிக் கூடாரம் போட்டார்கள். ஸ்டெபின் ரகசியக் குரலில் ஒரு கரடிக் கதை சொன்னான். நடுவில் மூன்று தடவை கரடியின் பெயர் மாறியது. சுஜி ஜெபகுமாரின் வயிற்றின் மேல் படுத்துத் தூங்கிப்போனாள். அலுவலகம் விட்டு வரும்போது தூங்கிவிட்டிருக்கும் பிள்ளைகள். விழித்திருக்கும்போது இவர்களைப் பட்டியலில்லாமல் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று யோசித்தார்.

அசையாமல், சுஜியின் முதுகையே பலகையாக வைத்துப் புதிய சீட்டு ஒன்று எழுதினார். 'எங்கும் போகாமலே பிள்ளைகளோடு மூன்று நாள் இருக்கக் கிருபை செய்ததற்காக ஸ்தோத்திரம். போனோம் என்று சொன்னது பொய்.'

ஷீலா வாங்கிப் படித்தாள். "குடுத்துருவீங்களா?"

"குடுத்துடறேன். சிரிச்சா சிரிக்கட்டும்."

ஞாயிறு காலை கோயிலில் முதல் ஆளாய் நின்றார். ஆனால் புதிய சீட்டை நீட்டியதும் கோயில் பணியாளர் எபி கையை விரித்தான். "உங்க சீட்டு எப்பவோ பாஸ்டர் கைக்குப் போயிடுச்சு சார். இனிமே மாத்த முடியாது. குடுத்த சீட்டை மாத்தக் கூடாதுன்னு நீங்கதானே ரூல் போட்டீங்க?"

உண்மைச் சீட்டு சட்டைப்பையிலேயே இருக்க, ஜெபகுமார் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார். போதகர் கணீரென்று வாசித்தார்: "சகோதரர் ஜெபகுமார் குடும்பத்தார், கொடைக்கானல் சென்று சுகபத்திரமாய்த் திரும்பக் கிருபை செய்ததற்காக!" சபை திரும்பிப் பார்த்துப் புன்னகைத்தது. இப்போதாவது எழுந்து சொல்லிவிடலாம் என்று ஜெபகுமார் முன் பெஞ்சைப் பிடித்துப் பாதி எழுந்தார்.

அதற்குள் போதகர் அடுத்த சீட்டைப் பிரித்து, அதே குரலில் வாசித்துவிட்டார்:

"ஆசிரியை ஞானஜோதி அம்மா: பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மூன்று நாளும் வீட்டுக்குள்ளேயே சத்தமில்லாமல் இருந்ததற்காக ஸ்தோத்திரம், அடுத்த லீவுக்கும் அவர்கள் இதேபோல் கொடைக்கானல் போக, சபையார் ஊக்கமாய் ஜெபிக்கவும்."