நனூலி மேடத்தை எங்கே மாட்டுவது?

வோர்கும், மே மாதம், மழை விட்ட ஒரு வியாழக்கிழமை

பாசத்துக்கும் பயத்துக்கும் உரிய வீட்ஸ்கே அக்காவுக்கு, உன் தம்பி டௌவே எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் எல்லோரும் நலம். அங்கே கனடாவில் நீ நலமாகவும் கடுங்கோபமாகவும் இருப்பதாக அத்தான் போனில் சொன்னார். முதலாவது நீடிக்கவும் இரண்டாவது குறையவும் வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன்.

உன் அறுபதாவது பிறந்தநாளுக்கு நான் போன் செய்யவில்லை. உண்மைதான். "கூடப் பிறந்தவனா அவன்?" என்று நீ அத்தானிடம் கேட்டாயாம், அதுவும் நியாயம்தான். ஆனால் அக்கா, நடந்தது என்ன என்று தெரிந்தால் நீயே சிரித்துவிடுவாய், உட்கார்ந்து படி. நம் வீட்டில் பிறந்தநாள் காலண்டர் எங்கே தொங்கும்? கழிப்பறையில், உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே. அப்பா காலத்திலிருந்து அங்கேதான், ஊரில் எல்லார் வீட்டிலும் அங்கேதான். எப்பேர்ப்பட்ட சோம்பேறியும் தினம் ஒரு முறை அங்கே போய் உட்கார்ந்தே ஆகவேண்டும், எதிரே பெயர் இருந்தால் எப்படி மறப்பான்? நீ கனடாவுக்குப் போய் அதைச் சமையலறையில் மாட்டிக்கொண்டாய், அது உன் இஷ்டம், நான் ஒன்றும் சொல்லவில்லை. உன் பெயரும் எங்கள் வீட்டில் அந்த மரியாதையான இடத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த ஒரே ஒரு நாள் மட்டும் தொங்கவில்லை. அதற்குக் காரணம் என் மகள் நின்கேயின் பள்ளிக்கூடம்.

போன வருடம் முழுக்க அவள் வகுப்புக்கும் ஜார்ஜியாவில் தெலாவி என்ற ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கும் ஒரு கூட்டுத் திட்டம் நடந்தது. (அமெரிக்காவில் இருக்கும் ஜார்ஜியா இல்லை, இது காக்கசஸ் மலைப் பக்கம். நான் ஒரு மாதம் தப்பான நாட்டைப் பற்றியே அவளிடம் விசாரித்துக்கொண்டிருந்தேன்.) கம்ப்யூட்டரில் இந்தப் பக்கம் நம் பிள்ளைகள் ரொட்டியைக் கடித்துக்கொண்டு சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும், அந்தப் பக்கம் அவர்கள் பிள்ளைகள் எட்டுப் பேர் ஒரே நேரத்தில் பேசும். நம் நின்கேயைத்தான் உனக்குத் தெரியுமே, வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருக்கிறவள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ஒரு சிநேகிதி கிடையாது, அதை நினைத்து அவள் அம்மா மாரிட் எத்தனை நாள் அழுதிருக்கிறாள். அப்படிப்பட்டவள் தெக்லே என்ற ஜார்ஜியப் பெண்ணோடு கதவைச் சாத்திக்கொண்டு கலகலவென்று சிரிக்கிற சத்தம் ஒரு நாள் மாடியிலிருந்து வந்தது. நானும் மாரிட்டும் படிக்கட்டில் உட்கார்ந்து அதைக் கேட்டோம், அக்கா. ஏப்ரலில் அவர்கள் இங்கே வருவது, மே மாதம் இவர்கள் அங்கே போவது என்று ஏற்பாடு. ஆனால் கடைசிக் கையெழுத்தை அவர்கள் தலைமையாசிரியை இங்கே வந்து பார்த்துவிட்டுத்தான் போடுவார். நின்கே சாப்பாட்டைக்கூட மறந்து அந்த மே மாதத்தையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

திட்டத்தின் முடிவில் இரண்டு பள்ளிக்கூடமும் சேர்ந்து என்ன செய்தன தெரியுமா? பிறந்தநாள் காலண்டர்! நம் பிள்ளைகளின் யோசனைதான். மாதத்துக்கு ஒரு படம், ஏப்ரல் மாதத்துக்கு தலைமையாசிரியை நனூலி மேடம், கறுப்பு உடை, தங்க ப்ரோச், கட்டிய கை, யாரையோ வகுப்புக்கு வெளியே நிற்கச் சொன்ன முகம். நின்கே பழைய காலண்டரிலிருந்து நம் குடும்பத்துப் பெயர்களையெல்லாம் அழகாக அதில் எழுதினாள், நான் அதை அதற்குரிய இடத்தில் மாட்டினேன். மேடத்துக்கு இதைவிட நல்ல இடம் இந்த வீட்டில் கிடையாது என்று பெருமையாகத்தான் ஆணி அடித்தேன்.

ஏப்ரலில் தெக்லே வந்து எங்கள் வீட்டில் தங்கினாள். மறுநாள் சனிக்கிழமை, உன் பிறந்தநாள். காலையில் நான் தூக்குப்பாலத்து வேலைக்குக் கிளம்பும்போது அவள் கழிப்பறைக்குள் இருந்தாள், சரி, பாலத்துக் கூண்டிலேயே காலைக்கடனை முடித்துக்கொள்ளலாம் என்று நான் சைக்கிளை எடுத்தேன். இங்கேதான் விதி விளையாடியது. மதியம் தூக்குப்பாலத்துக் கூண்டில் உட்கார்ந்து நிம்மதியாகக் காபி குடித்துக்கொண்டிருக்கிறேன், நின்கே போன் செய்கிறாள்.

"அப்பா, பாலத்தத் தூக்கு!"

"என்னம்மா, படகு வருதா?"

"படகெல்லாம் ஒண்ணும் வரல. மேடம் வர்றாங்க!"

"மேடம் வந்தா பாலத்த எறக்கித்தானே வெக்கணும்?"

"ஐயோ அப்பா! தெக்லே காலைலருந்து பேய் அறைஞ்ச மாதிரி உக்காந்திருந்தா, இப்பத்தான் வாயத் தொறந்தா. மேடத்தக் கொண்டுபோயி கக்கூஸ்ல மாட்டியிருக்கீங்களேன்னு கேக்குறா! அவங்க ஊர்ல ஜென்ம விரோதியோட படத்தக்கூட அங்க மாட்ட மாட்டாங்களாம். மேடம் பாத்தாங்கன்னா அப்படியே ஏர்போர்ட்டுக்குப் போயிடுவாங்களாம். எல்லா வீட்டுக்கும் போயிட்டு கடைசியா நம்ம வீட்டுக்குத்தான் வேன் வருது. அம்மா சுத்தியலத் தேடுறாங்க. கால் மணி நேரம் நிறுத்துப்பா, உன் கால்ல விழறேன்!"

அவள் அழுதாள். வேன் அதற்குள் தெரு முனையில் திரும்பிவிட்டது. நான் என்ன செய்வேன் சொல்லு? மணியை அடித்தேன், சிவப்பு விளக்கைப் போட்டேன், தடுப்புக் கம்பத்தை இறக்கினேன், பாலத்தைத் தூக்கினேன். வாய்க்காலில் ஒரு படகு இல்லை. ஒரு துரும்பு இல்லை. சனிக்கிழமைச் சந்தைக் கூட்டம் மொத்தமும் சைக்கிளோடு வந்து நின்றது, எல்லோரும் இந்தப் பக்கம் பார்க்கிறார்கள், அந்தப் பக்கம் பார்க்கிறார்கள். கறிக்கடை ஹைன் கத்தினான், "ஏய் டௌவே, படகு எங்கடா?"

"வருது, வருது!"

"எங்கருந்து வருது, நார்வேலருந்தா?"

"பொறுமையா இருய்யா, சின்னப் படகு!"

சந்தேகம் வரக்கூடாதே என்று, வழக்கம்போலப் படகுக்காரர்களிடம் சுங்கக் காசு வாங்குகிற மரச்செருப்பைத் தூண்டில் கோலில் கட்டி வாய்க்காலின் மேலே இறக்கினேன். ஒரு வாத்து நீந்தி வந்து செருப்பை அண்ணாந்து பார்த்துவிட்டு, கையில் காசில்லாத ஆள் மாதிரி நழுவியது. "அடேய், வாத்துக்கா பாலத்தத் தூக்கின!" என்று ஹைன் தலையில் அடித்துக்கொண்டான். ஒரு அம்மாள், "என் ஐஸ்கிரீம் ஒழுகுது, எறக்குய்யா!" என்றாள். அப்போதுதான் வேன் கதவு திறந்து நனூலி மேடம் இறங்கினார். படத்தில் பார்த்த அதே கறுப்பு உடை, அதே ப்ரோச். வானத்தை நோக்கி நிற்கிற பாலத்தைப் பார்த்தார், அடிக்கிற மணியைக் கேட்டார், திரண்டு நிற்கிற ஊரைப் பார்த்தார், நெஞ்சில் கை வைத்தார். அக்கா, இவ்வளவும் தனக்கான வரவேற்பு என்று நினைத்துவிட்டார்! கண்ணைத் துடைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துக் குனிந்து வணங்கினார். நம் ஆட்களும் என்ன செய்வது என்று தெரியாமல் குனிந்தார்கள், ஹைன் தொப்பியைக்கூடக் கழற்றினான். மேடம் நேரே கரையோரம் வந்து, தொங்கிக்கொண்டிருந்த என் மரச்செருப்பில், திராட்சைப் பாகில் தோய்த்த அக்ரூட் சரம் ஒன்றைப் போட்டார். எனக்கு வெட்கத்தில் காது ரெண்டும் சுட்டது. அதற்குமேல் தாங்காமல் பாலத்தை இறக்கிவிட்டேன்.

நல்ல வேளை, மாற்று ஆள் அப்போதே வந்துவிட்டான், சைக்கிளை எடுத்துக் குறுக்குச் சந்தில் பறந்தேன். வேன் நம் வாசலில் நிற்பதற்கும் நான் கொல்லைப் பக்கமாக நுழைவதற்கும் சரியாக இருந்தது. ஹாலில், டி.வி.க்கு மேலே, நடுநாயகமாக மேடம் தொங்குகிறார். மாரிட் அதற்குப் பக்கத்தில் ஒரு டூலிப் ஜாடிகூட வைத்திருந்தாள். "எப்படி?" என்றாள் மூச்சு வாங்க. "ராணி மாதிரி இருக்காங்க," என்றேன். நின்கே தெக்லேயின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மேடம் உள்ளே வந்தார், எல்லோர் கன்னத்திலும் முத்தமிட்டார், ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் கேனில் வீட்டு ஒயினை மேஜைமேல் வைத்தார், பிறகு தெக்லேயின் காதில் ஏதோ சொன்னார். தெக்லே எங்களிடம், "மேடம் கக்கூஸ் எங்கன்னு கேக்குறாங்க," என்றாள். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். போகட்டுமே! இனி அங்கே என்ன பயம்? போனவர் போன வேகத்தில் திரும்பி வந்தார், கையில் போன், முகம் வாடிப்போயிருந்தது. பிறகு டி.வி.க்கு மேலே தன் படத்தைப் பார்த்தார். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் மெதுவாகப் பேசப் பேச, தெக்லே வெளிறிப்போய்ச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"இன்னைக்கு எல்லா வீட்லயும் ஒரு காபி, ஒரு பிஸ்கட் குடுத்தாங்களாம். காபி அத்தன குடிச்சா என்ன ஆகும்? எல்லா வீட்டுக் கக்கூஸுக்கும் போக வேண்டியதாயிடுச்சாம். மொத வீட்ல தன் படத்தப் பாத்ததும் மேடத்துக்கு ரத்தம் கொதிச்சுதாம், பெட்டியக் கட்டுன்னு சொல்லிட்டாங்களாம். அப்பறம் அந்த வீட்டுக்காரங்க வெளக்கிச் சொன்னாங்களாம், மறக்கவே கூடாதவங்களத்தான் இங்க மாட்டுவோம்னு. அதுக்கப்பறம் ஒவ்வொரு வீட்லயும் தன் படத்தோட நின்னு போட்டோ எடுத்திருக்காங்க. இங்க போனா..." தெக்லே நிறுத்தினாள். "இங்க வெறும் ஆணிதான் இருக்காம். ஊரே என்னைய உள்ள வெச்சிருக்கு, நீங்க மட்டும் ஏன் வெளிய தூக்கிப் போட்டுட்டீங்க, நான் என்ன தப்பு பண்ணேன்னு கேக்குறாங்க."

நின்கே விம்மி விம்மி அழ ஆரம்பித்துவிட்டாள். மே மாதப் பயணம் கண்ணுக்கு முன்னால் கைநழுவிப் போய்க்கொண்டிருந்தது. எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, "மேடம், நீங்க உள்ளதான் இருந்தீங்க! காலைல வரைக்கும் உள்ளதான் இருந்தீங்க!" என்று கத்திவிட்டேன். பிறகு ஒன்றுவிடாமல் கொட்டினேன், ஆணி, தெக்லே, போன், பாலம், வாத்து. பாலம் வந்ததும் தெக்லே மொழிபெயர்க்கத் தயங்கினாள், "சொல்லும்மா, எல்லாத்தையும் சொல்லு," என்றேன். சொன்னாள். மேடத்தின் ப்ரோச் அதிர ஆரம்பித்தது. பிறகு தோள். பிறகு மொத்த நாற்காலியும். அக்கா, அப்படி ஒரு சிரிப்பை இந்த வீடு கேட்டதில்லை! "ஒரு பொம்பளைய கக்கூஸ்லருந்து காப்பாத்த ஒரு ஊரையே நிறுத்தினியா?" என்று என் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தார், இன்றைக்கும் இடது பக்கம் படுத்தால் வலிக்கிறது.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேள். மேடமே காலண்டரைக் கழற்றி எடுத்துக்கொண்டு நடக்கிறார், பின்னால் நான், மாரிட், நின்கே, தெக்லே, வேன் ஓட்டி வந்த ஆசிரியர், எல்லோர் கையிலும் ஒயின். நம் வீட்டுக் கழிப்பறை அளவு உனக்குத் தெரியும், ஒரு ஆள் நின்றால் இன்னொரு ஆள் மூச்சு விடக்கூடாது. அதில் ஆறு பேர்! மேடம் தன்னைத் தானே ஆணியில் மாட்டிவிட்டு, கோப்பையை உயர்த்தி, நம் நாட்டுக்கு, அவர் நாட்டுக்கு, வாத்துக்கு என்று வரிசையாக வாழ்த்துப் பேசினார். நடுவில் என் முழங்கை பட்டு ஃப்ளஷ் ஓடியது, அதற்கும் கை தட்டினார்கள். ஒப்பந்தக் காகிதத்தை ஃப்ளஷ் தொட்டி மூடிமேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். நின்கே அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. அப்போது மேடம் தன் படத்துக்குக் கீழே அன்றைய தேதியில் விரலை வைத்து, "இது யாரு வீட்ஸ்கே?" என்றார். "எங்க அக்கா," என்றேன். எனக்கு அப்போதுதான் உறைத்தது! "அக்காவா! அறுபதா!" என்று உனக்காக அவர் பேசிய வாழ்த்து மட்டும் கால் மணி நேரம். நீ நூறு வருடம் இருக்கவேண்டும், உன் பேரப்பிள்ளைகள் திராட்சைக் கொடி மாதிரி படரவேண்டும் என்று எங்கள் எல்லோரையும் அழவைத்துவிட்டார். ஆகவே அக்கா, உன் பிறந்தநாளை நாங்கள் மறக்கவில்லை. இந்தக் குடும்பத்தில் யாருக்கும் நடக்காத அளவுக்குக் கொண்டாடினோம். உனக்குச் சொல்ல மட்டும்தான் மறந்தோம். போன் செய்யலாம் என்று சோபாவில் உட்கார்ந்தது ஞாபகம் இருக்கிறது, அதற்குள் ஒயின் தன் வேலையைக் காட்டிவிட்டது. கண் விழித்தால் ஞாயிற்றுக்கிழமை. அதற்கப்புறம் உன் கோபத்துக்குப் பயந்தே நாட்கள் ஓடிவிட்டன.

இப்போது எல்லாம் சுபம். நின்கே தெலாவியில் இருக்கிறாள், நேற்று போனில் எட்டுப் பேரோடு சேர்ந்து ஒரே நேரத்தில் பேசினாள், ஒரு வார்த்தை புரியவில்லை, மாரிட்டுக்கு ஆனந்தக் கண்ணீர். காலண்டர் தன் இடத்தில் பத்திரமாக இருக்கிறது. இனி இந்த வீட்டில் எவருடைய பிறந்தநாளும் தவறாது, இது தம்பியின் சத்தியம். அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசிகள், உன் கோபத்துக்கு என் மன்னிப்புக் கோரிக்கை. நீ நூறு வருடம் இருப்பாய், மேடமே சொல்லிவிட்டார்.

உன் அன்புத் தம்பி,
டௌவே

பின்குறிப்பு: அக்கா, தபால் மெதுவாக வரும் என்று இதைப் போட்டோ எடுத்து அனுப்புமுன் ஒரு முறை கழிப்பறைக்குப் போய் வந்தேன். மேடம் அதே கம்பீரமாக இருக்கிறார். அதுதான் சிக்கல். அவர் ஏப்ரல் மாதம். அவரைத் திருப்ப எங்கள் யாருக்கும் மனம் வரவில்லை, மே பாதி போயும் ஏப்ரலே தொங்குகிறது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு தாளைத் திருப்பினேன். இன்றைய தேதியில் எழுதியிருக்கிறது: மாரிட். ஐம்பது வயது! காலையிலிருந்து அவள் ஏன் பாத்திரத்தை அப்படிப் போட்டுக் கழுவுகிறாள் என்று இப்போதுதான் புரிந்தது. நடுங்கிக்கொண்டு நிற்கும்போதே வாசல் மணி அடித்தது. பூக்கடைப் பையன், கை கொள்ளாத ரோஜா. யார் அனுப்பியது என்று அட்டையைப் பார்த்தால் முழுக்க முழுக்க ஜார்ஜிய எழுத்து. நனூலி மேடம்! அன்றைக்கு அந்த நெரிசலில் அவர் மே மாதத்தையும் புரட்டிப் பார்த்திருக்கிறார். மாரிட் வந்து பூவைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள், கண் கலங்கிவிட்டது. "டௌவே! நீ மறந்துட்டேன்னு காலைலருந்து உன்னத் திட்டிட்டே இருந்தேன்டா! மேடத்துகிட்டச் சொல்லி அவங்க மொழியில எழுத வெச்சியா?" என்று கட்டிக்கொண்டாள். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவளுக்கு அந்த எழுத்து படிக்கத் தெரியாது. நின்கே ஒரு வருடமாகக் கற்று நன்றாகவே படிப்பாள், ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். மாரிட் உனக்குப் போன் செய்தால் பூ நான் வாங்கியதுதான். ஞாயிறு சாயங்காலத்துக்குமேல் நான் உன் வீட்டில் தங்க இடம் இருக்குமா?